தறிக்குழியில் ஊறிய தண்ணீர் குறித்து, வரைபடம் வரைந்தவனின் மனு

அனுப்புநர்:
சி. விஷால், கட்டட வரைவாளர்,
த/பெ. சிட்டிபாபு,
சின்ன காஞ்சிபுரம்.

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: எங்கள் தெருமுனைக் கட்டுமானத்தில் மழைநீர் வடிகால் கட்டாதது – அனுமதியை நிறுத்தி வைக்கக் கோருவது – மனுதாரர் மீதும் நடவடிக்கை கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தெருமுனையில் திரு. குமாரசாமி நான்கு மாடிப் பட்டுக்கடை கட்டுகிறார். அஸ்திவாரம் தோண்டுமுன் மனையைச் சுற்றி வடிகால் கட்டி, அதைத் தெரு வடிகாலுடன் இணைக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. வரைபடத்தில் அந்த வடிகால் நீலக் கோடாக அழகாக ஓடுகிறது. தரையில் அது இல்லை. தோண்டிய மண்ணும் தெரு வடிகாலின் வாயில்தான் குவிந்திருக்கிறது.

2. அந்த நீலக் கோட்டைப் போட்டவன் நான். வடிகால் கட்டி முடித்ததற்குத் தங்கள் அலுவலகத்தில் புகைப்படம் கேட்டார்கள். உரிமையாளர், "எதையாவது வைப்பா" என்றார். பக்கத்துத் தெரு வடிகாலைப் படம் பிடித்து இணைத்தேன். படம் தெளிவாகவே வந்திருந்தது.

3. அண்டை வீடுகளுக்குப் பாதிப்பு உண்டா என்ற கேள்விக்கு, "வீடுகளின் தரை சாலையைவிட ஒன்றரை அடி உயரம், பாதிப்பில்லை" என்று எழுதினேன். தறிக்காரர் தரையில் அமர்ந்து, கால்களை மூன்றடிக் குழியில் தொங்கவிட்டு மிதிக்கிறார் என்பது நினைவுக்கு வரவில்லை. நான் பிறந்ததே நெசவாளர் தெருவில். சிறுவயதில் அப்படி ஒரு குழியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவன். பிறகு பொறியியல் பட்டயம் படித்தேன், குழியை மறந்தேன்.

4. கடந்த 14ஆம் தேதி காலை பெய்த மழையில் அந்த மனைக்குப் பக்கத்து வீட்டுப் பூவம்மாளின் வாசற்படியை ஒரு சொட்டும் தாண்டவில்லை. அந்த மட்டில் என் கணக்கு சரி. தண்ணீர் மண்ணில் ஊறிக் குழியின் அடியிலிருந்து ஏறியது. மிதிகட்டைகள் மூழ்கின. பாதிப் புடவை நெய்திருந்த பாவு நூல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம் நான் வாளியால் இறைத்தேன். என் படிப்பால் அவருக்கு அதுவரை கிடைத்த பயன் அவ்வளவுதான். இறைக்க இறைக்க ஊறியது. இன்றும் முழங்கால் அளவு நிற்கிறது.

5. அந்த வீட்டில் தறி ஒன்று. அவர் நெய்தால்தான் அடுப்பு. புடவை விற்கும் இடத்துக்கு அனுமதி வாங்க ஆறு பக்கம் எழுதிய நான், நெய்யும் இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பெருமழை இனிமேல்தான்.

6. ஆகவே, மண் குவியலை உடனே அகற்றவும், வடிகால் கட்டும்வரை பணியை நிறுத்தவும், பொய்ப்படம் தந்த என் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்கவும் வேண்டுகிறேன். இம்முறை புகைப்படத்தை ஏற்க வேண்டாம். ஆய்வுக்கு வருபவர் வாசலோடு திரும்பாமல், தயவுசெய்து குழியில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

7. மனு எழுதித் தரும்படி கேட்டவரே பூவம்மாள்தான். தெருவில் ஆபீஸ் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனாம். வரைந்தவனும் நானே என்பது அப்போது அவருக்குத் தெரியாது. நேற்று இதை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தி வந்ததும், கையெழுத்துக்கு வைத்திருந்த பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டார். "நீ போட்ட கோட்டுலயே தண்ணியப் போவச் சொல்லுபா. போனா சொல்லு, கையெழுத்து போடறேன்" என்றார். தெருவாரும் அவர் போடாமல் போடமாட்டார்களாம்.

எனவே, தெருவின் புகாரான இம்மனுவில் ஒரு கையொப்பம் மட்டுமே உள்ளது. மற்றவை வடிகால் கட்டிய பின் சமர்ப்பிக்கப்படும்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 18.10.2025

இப்படிக்கு,
சி. விஷால்

இணைப்பு: வரைபட நகல், பக்கத்துத் தெரு வடிகாலின் படம்.