எட்டாவது ரீடிங்

ஆகஸ்ட் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில். புதுக் கல்லூரியில் இரண்டாவது வாரம். வாங்க வேண்டியவை: அப்சர்வேஷன் நோட் 2, கிராஃப் தாள், ரப்பர் அடி வைத்த ஷூ (இல்லாவிட்டால் மெஷின்ஸ் லேபுக்குள் விடமாட்டார்களாம்), துணி சோப்பு.

சித்தூரில் படித்த கல்லூரியில் எங்கள் எலக்ட்ரிகல் பிரிவுக்கு அனுமதி போய்விட்டது. போகாமல் என்ன செய்யும். அரிசி மில் ஷெட்டுக்கு வெள்ளையடித்து லேப் என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு மோட்டார், அதற்கும் ஒயரிங் கிடையாது. சீனியர் ரெகார்டைப் பார்த்து எங்கள் ரெகார்டை எழுதினோம். அந்த சீனியர் யாரைப் பார்த்து எழுதினானோ. அங்கே முடித்த அதே லேபை இங்கே மூன்றாம் ஆண்டில் திரும்பச் செய்ய வேண்டும். வேஸ்ட்.

மாறுதலில் திருப்பதிக்கு வந்த நாலு பேரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள். 'ஒழுங்குமீறல் ஏதும் நடந்தால் என் சேர்க்கையை ரத்து செய்யச் சம்மதம்.' படிக்காமலே போட்டேன். பிறகு வராந்தாவில் படித்தேன்.

லேபில் என் ஜோடி பாஸ்கர், குப்பத்துக்காரன் (இனி பா.). வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். மூன்றிலும் மெதுவு.

"நகரியா நீ? தறி சத்தத்துல காது போயிருக்குமே."

"காது நல்லாதான் கீது. நீதான் இழுத்து இழுத்து பேசற."

"அவசரமா பேசி இன்னா ஆவப் போவுது, சேகரு?"

இவனோடு ஒரு வருஷமா.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

முதல் லேப். டி.சி. ஷன்ட் மோட்டார். ஸ்டார்ட்டர் கைப்பிடியை நான்தான் திருப்பினேன். அம்மீட்டர் முள் எகிறி, பிறகு மெல்ல இறங்கி நின்றது. இரண்டு வருஷமாக முள் படம் வரைந்தவன் முள் நகர்வதை இன்றுதான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

நாலு ரீடிங் எடுத்து மிச்சத்தைக் கிராஃபில் கோடு போட்டு எழுதிவிடலாம் என்றேன். பா. கேட்கவில்லை. எட்டுக்கு எட்டும் எடுத்தான். மணி எத்தனை, மெஷினை யார் இயக்கியது என்று மார்ஜினில் வேறு எழுதுகிறான்.

"இதெல்லாம் யாருடா கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. நாளைக்கு கிராஃபுல ஒரு புள்ளி கோணிக்கினா ஏன்னு எனுக்குத் தெரியணும் இல்ல?"

மெயின் சுவிட்ச் பக்கத்து ஸ்டூலில் அட்டெண்டர் முனிரத்தினம். பத்து வருஷமாகத் தினக்கூலி. எல்லாரையும் 'இன்ஜினீர் சார்' என்பார். என்னை மட்டும் 'நகரி சார்'. "நகரி சார், ஷூ புதுசா? கால் கடிக்குதா, கரன்ட் கடிக்குதா?"

ஐந்து மணிக்கு கம்ப்யூட்டர் சென்டர். ஐந்து நிமிஷம் தாமதமானால் சென்டர்காரன் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறான். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்து கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் நின்றுவிடுமாம், சரிசெய்ய ஆள் வேண்டுமாம். எலக்ட்ரிகல் வகுப்பில் பாதிப் பேர் சாயங்காலம் அங்கேதான். எனக்கும் பெங்களூர் போக வேண்டும். மோட்டாரோடு கிடக்க முடியாது.

ஆகஸ்ட் 14, சனி

மதியம் மேகம், மழை இல்லை.

கேன்டீன் கிரைண்டர் நின்றுவிட்டது. கேன்டீன்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார், தட்டில் பாதி அரைத்த மாவு. நான் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைச் சும்மா ஓடவிட்டேன். நன்றாக ஓடியது. கோளாறு கல் பக்கம். நகரியில் எந்தத் தறி மோட்டாருக்கும் முதலில் செய்வது இதுதான். பெல்ட்டைத் தள்ளு, சும்மா ஓடட்டும், காதைக் கொடு. பத்தாம் வகுப்பிலிருந்து செய்கிறேன். இருபது நிமிஷத்தில் சரி.

பா. அதையும் எழுதிக்கொண்டான். "நோட்ல இன்னா பேரு போடறது? 'இட்லி மாவு டெஸ்ட்'டா?"

அவன் டிபன் பாக்ஸில் களியும் வேர்க்கடலைச் சட்னியும். பாதி எனக்கு. லேப் பின்பக்கப் படியில் உட்கார்ந்து தின்றோம். எதிரே மலை, பஸ்கள் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தன. அவன் ஒவ்வொரு பஸ்ஸையும் எண்ணினான். நானும் எண்ணினேன். முப்பத்தொன்று. எதற்கு என்று தெரியாது. சித்தூரில் இரண்டு வருஷத்தில் இப்படி ஒருவனோடு உட்கார்ந்ததில்லை.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

டி.சி. சீரிஸ் மோட்டார், பிரேக் டெஸ்ட். டிரம் மேல் பெல்ட், பெல்ட்டின் இரு முனையிலும் ஸ்பிரிங் பேலன்ஸ். கைச்சக்கரத்தைத் திருப்பினால் பெல்ட் இறுகும், லோட் ஏறும். முனிரத்தினம் தொடக்கத்தில் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். "டைட்டா கீது. போடுங்க." அதிக லோடிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தோம். ஏழு ரீடிங் ஆச்சு. எட்டாவது இரண்டு கிலோவில் எடுக்க வேண்டும். மணி 4.35. எனக்கு ஐந்து மணி கிளாஸ். பா. பேனாவை உதறிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் எழுது. லோட எடுத்துர்றேன்."

சக்கரத்தை எதிர்ப்பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டேன்.

"டேய், ரெண்டு பேலன்ஸும் சைபரு" என்றான். சொல்லிக்கொண்டே எழுதினான்.

சத்தம் மாறியது. முதலில் விசில் மாதிரி. பிறகு விசில் இல்லை. மேஜை ஆடியது. தளர்ந்த பெல்ட் டிரம்மிலிருந்து துள்ளி பேலன்ஸைக் கொக்கியோடு பிடுங்கி வீசியது. நான் ஸ்டார்ட்டர் பக்கம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நின்றேன். அடுத்த மேஜைக்குப் போயிருந்த முனிரத்தினம் அங்கிருந்து பாய்ந்து மெயினை இழுத்தார்.

பா.வின் வலது கை. நடு விரலும் மோதிர விரலும்.

சீரிஸ் மோட்டாருக்கு லோட் இல்லாவிட்டால் வேகத்துக்கு எல்லையே இல்லை. எனக்குத் தெரியும். போன வாரம் வைவாவில் கேட்டபோது நான்தான் பதில் சொன்னேன். கை மட்டும் தறி மோட்டார் என்று நினைத்தது.

ஆகஸ்ட் 18, புதன்

பெரியாஸ்பத்திரி. இரண்டு விரலிலும் எலும்பு முறிவு, ஏழு தையல். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். படுக்கைப் பக்கத்தில் நோட்டு, அட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது.

துறைத் தலைவர், எச்.ஓ.டி., கூப்பிட்டார். தெலுங்கில் கேட்டார், எப்படி ஆச்சு?

"பெல்ட் தானா லூசாயிடுச்சு சார்."

தானாக. என் வாயிலிருந்து வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

அவர் பக்கத்தில் நின்ற முனிரத்தினத்தைப் பார்த்தார். கைச்சக்கரத்துக்கு ஒரு லாக் நட் உண்டு, அதை முடுக்குவது அட்டெண்டர் வேலை. "நான் செக் பண்ணேன் சார்" என்றார் அவர். ஒரே தடவை. என் பக்கம் திரும்பவும் இல்லை. முனிரத்தினம் அடுத்த திங்கள் வரை வேலைக்கு வர வேண்டாம், செவ்வாய்க்கிழமை முடிவு, அன்று நான் பா.வின் நோட்டையும் கொண்டுவர வேண்டும் என்றார் எச்.ஓ.டி.

கம்ப்யூட்டர் கிளாஸ் போகவில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

பெட்டியைக் கிளறி சித்தூர் ரெகார்டை எடுத்தேன். பரிசோதனை 6, சீரிஸ் மோட்டார். என் கையெழுத்து, அழகாக. 'எச்சரிக்கை: லோட் இல்லாமல் இயக்கக் கூடாது.' சிவப்பு மையில் அடிக்கோடு. பத்துக்குப் பத்து.

சாயங்காலம் பா. ரூமுக்குப் போனேன். இடது கையால் உப்புமா தின்றுகொண்டிருந்தான். நோட்டை எடுத்து எட்டாவது வரியைப் பார்த்தேன். கரன்ட் இருக்கிறது. S1 = 0. S2 = 0. வேகத்துக்கான கட்டம் காலி. மார்ஜினில்: '4.35. லோட் எடுத்தது சேகர்.'

"இத்த அடிச்சிடு."

"எத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத. என் பேர. எனுக்கு டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்கடா. கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறேன்."

"முனிரத்தினம் அண்ணனுக்கு?"

"அவரு வேற எங்கனா போய்க்குவாரு."

மென்றுகொண்டே இருந்தான். எனக்குப் பொறுமை போனது. இவன் மென்று முடிப்பதற்குள் செவ்வாய் வந்துவிடும்.

"என் கையில கட்டு கீது" என்றான் கடைசியில். "நான் இன்னாத்த அடிக்கிறது. நோட்டு இந்தா, பேனா இந்தா. அடிக்கணும்னா நீ அடி. நான் பாத்துக்கினு இருக்கேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பேனா மூடியைத் திறந்தேன். மற்ற வரிகளின் மார்ஜினும் கண்ணில் பட்டது. 3: 'சேகர் சரியாகப் பிடித்தான், பேலன்ஸ் ஆடவில்லை.' 5: 'சேகர் அவசரம்.' 6: 'சேகர் ரொம்ப அவசரம்.' 7: 'நல்ல ரீடிங். சேகருக்குப் பசி போல.'

மூடியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

நகரி. புத்தூர் வரை நின்றபடி பயணம். வீட்டில் கரன்ட் இல்லை, அதனால் தெருவில் தறி ஓடவில்லை, அதனால் நைனா வீட்டில். எல்லாம் சொன்னேன்.

"சொன்னா காலேஜ விட்டு அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பலாம்."

"அப்ப சொல்லாத."

"அந்த ஆளு நைனா? பத்து வருசமா இருக்கறாரு."

"அந்த ஆளுக்கு வேற வேல கெடைக்கும். உனுக்கு மூணாவது காலேஜ் எவன் குடுப்பான்? ஒரு தபா உன்ன சேக்கறதுக்கே எத்தினி படி ஏறி இறங்கினேன்."

அம்மா மோர் ஊற்றினாள். நைனா சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வெள்ளிக்கிழமை பா.விடம் நானே அதைத்தான் சொன்னேன். ஆனால் அவர் வாயில் கேட்கக் கேட்க, கேட்க முடியவில்லை.

பஸ் கிளம்பியபோது நைனா ஜன்னலுக்கு வந்தார். "அந்தப் பையன் கையி எப்டி கீது?"

"ரெண்டு வெரலு."

"எழுதற கையா?"

"ஆமா."

தலையை ஆட்டினார். பஸ் நகர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 23, திங்கள்

நாளை வரை காத்திருக்க முடியவில்லை. ஒன்பதரைக்கு எச்.ஓ.டி. அறை. 'கூர்ச்சோ' என்று நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.

தெலுங்கில் தயார் செய்துவைத்திருந்தேன். பாதியில் தமிழ் வந்துவிட்டது. பெல்ட்டைத் தளர்த்தியது நான், லாக் நட் சரியாக இருந்தது, அன்று சொன்னது பொய், நோட்டில் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

"நோட்டில் இருப்பதால் சொல்கிறாயா?" என்றார்.

நியாயமான கேள்வி. "அடிக்கத்தான் போனேன் சார். முடியல."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் எழுதிய முதல் ரிப்போர்ட். வெளியே வந்தேன். கேன்டீனில் டீ. கிரைண்டர் நன்றாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

பிரின்சிபால் முன்னால் நிறுத்தினார்கள். முடிவு: டி.சி. கொடுத்து அனுப்பவில்லை. லேப் இன்டர்னல் மார்க் பூஜ்யம். இரண்டு வாரம் லேபுக்குள் வரக் கூடாது. இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் அந்தக் கையெழுத்துக் கடிதம். முனிரத்தினத்துக்கு நாளையிலிருந்து வேலை.

நைனாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன், பக்கத்துக் கடைக்கு. கூப்பிட்டுக் கொடுத்தார்கள். "பூஜ்யமா?" என்றார். "அப்ப பரீட்சைல எடு." வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டுவார் என்று பூத்தின் கதவை இறுக்கிச் சாத்தியிருந்தேன்.

பா.விடம் சொன்னேன். "சரி" என்றான். அவ்வளவுதான். பிறகு, "கிளாஸ் நோட்ஸ் எனுக்கும் சேத்து எழுதிடு, கார்பன் வெச்சி" என்றான். கார்பன் வேண்டாம், இரண்டு தடவை எழுதுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 7, செவ்வாய்

நேற்று மழை. லேபில் ஈர வாசனை. கம்ப்யூட்டர் கிளாஸை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

அதே மேஜை, அதே மோட்டார், புதுப் பெல்ட். எட்டாவது ரீடிங் மட்டும் பாக்கி. முனிரத்தினம் ஸ்டூலை மெயின் சுவிட்சிலிருந்து எடுத்துவந்து எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"அண்ணா, நான் அன்னிக்கி..."

"பெல்ட்ட பாரு" என்றார். நகரி சார் என்று சொல்லவில்லை.

பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். அவரும் இழுத்துப் பார்த்தார். மோட்டார் ஓடியது. லோடை ஏற்றி, அங்கிருந்து மெல்லக் குறைத்து இரண்டு கிலோவில் நிறுத்தினேன். பா. விரலில் கட்டோடு மீட்டர் மீட்டராகக் குனிந்து படித்தான், நான் அவன் நோட்டில் எழுதினேன். இழுத்து இழுத்துத்தான் படித்தான். முள் நிற்கும்வரை அவன் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய எட்டாவது வரியை அடிக்கவில்லை. கீழே இன்னொரு 8 போட்டேன். கிராஃபில் புள்ளி மற்ற ஏழோடு சேரவில்லை, கொஞ்சம் மேலே நிற்கிறது.

"கோணிக்கிச்சி" என்றேன்.

"இருக்கட்டும். மார்ஜின்ல எழுது."

என்ன எழுதுவது என்றேன். மணி எழுது, பேர் எழுது என்றான்.

'4.50. புதுப் பெல்ட். லோட் குறைத்தது சேகர்.'