இரண்டு அறையில் ஒரு சோடி

லுணுகலை
15.02.2005

அன்பு மகள் ஸவாஹிராவுக்கு வாப்பாவின் ஸலாம்.

உன் ஆராய்ச்சிக்காக ஷப்ராஸ் தேயிலைத் தோட்டத்தில் புருஷன் பெண்சாதிகளைக் கேட்டு எழுதின பதில்கள் முழுக்க வீண், முதலிலிருந்து கேட்க ஏற்பாடு செய்துவிட்டேன். நானும் உம்மாவும் அல்லாஹ் கிருபையில் சுகம், நீ படிக்கிற ஊர்ப் பனியில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க துஆ செய்கிறோம். மாமா மகன்தானே என்று உரிமையெடுத்து ஷப்ராஸைக் கோபிக்காதே, தோட்ட லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே காம்பரா, அந்த ஓர் அறைக்குள் எங்கே போய்த் தனியாகக் கேட்பது. பெண்சாதியிடம் கேட்டதற்கும் புருஷனே பதில் சொல்லியிருக்கிறான், அவள் தலையாட்டியிருக்கிறாள். நம் செருப்புக் கடையிலும் அதுதான், கடிக்குதா என்று அவளைக் கேட்டால் இல்லை என்று அவன் சொல்வான்.

நீ போனில் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். புருஷனுடைய கவலை பெண்சாதியின் தூக்கத்தை நேராகக் கெடுக்கிறதா, இல்லை வீட்டில் பேச்சு நின்றுபோய் அதன் வழியாகக் கெடுக்கிறதா, நேராக எவ்வளவு, நடுவால் எவ்வளவு என்று பிரித்து அளக்கப் போகிறாய். வெலிமடைக் கிழங்கு விலை ஏறினால் பயிரிட்டவனால் எவ்வளவு, நடுவில் நிற்கிற தரகனால் எவ்வளவு என்று நாங்கள் பார்ப்பதுபோல என்று பிடித்துக்கொண்டேன். மனுஷ மனசுக்கும் அப்படிக் கணக்குப் போடலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, உனக்குத் தோன்றியிருக்கிறது. நாற்பது சோடியை எண்பது தனி ஆளாக எண்ணிவிடு, வேலை சுருக்கமாக முடியும் என்று கூடப் படிக்கிறவர்கள் சொன்னபோது, ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறவர்களை முன்பின் தெரியாதவர்களாக எண்ணினால் முடிவு பொய்யாகும் என்று மறுத்தாயே, அங்கேதான் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நானும் இடதுகால் செருப்பைத் தனியாக விற்றவன் இல்லை.

அடுத்த மாதத்துக்குள் பதில்கள் வராவிட்டால் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று அழுதாய், அழவேண்டாம். சம்பளம் எடுத்த ஞாயிறு தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சோடியாகத்தான் டவுனுக்கு வருவார்கள். புருஷனைக் கடையில் இருத்தி ஷப்ராஸ் கேட்பான், அதே நேரம் பெண்சாதியை உள்வீட்டில் வைத்து உம்மா கேட்பா. இதைப் பேச வேலாயியைக் கூப்பிட்டேன், கொழுந்து எடுக்கிறவர்களில் அவள் சொன்னால் மற்றவர்களும் கேட்பார்கள். சோடிக்கு ஒரு குடை தருகிறேன் என்றேன். குடை கெடக்குதுங்க முதலாளி, நான் சொல்றத எங்க ஆளுகிட்ட யாரு போட்டுக் குடுப்பாங்க, அதச் சொல்லுங்க என்று மடக்கிவிட்டாள்.

உம்மா கேள்விகளைப் பழகுகிறேன் என்று சோறு போடும்போது வாசித்தா, பாதியில் நிறுத்தி, கடை நட்டப்பட்ட வருஷம் என் தூக்கம் போனது கடையால இல்ல, நீங்க வாயத் திறக்காம சாப்பிட்டுட்டு எழும்பினதாலதான் என்றா. அப்படியென்றால் அது முழுக்க நடுவால் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் உன் கேள்வி வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது மகள்.

உன் அறிவில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. வேலாயியோடு பேசி முடித்ததை எழுதுகிறேன், நீ மாற்றக்கூடாது. அவன் சொன்னது அவளுக்கும் அவள் சொன்னது அவனுக்கும் ஒருபோதும் தெரியவரக்கூடாது, நானும் பார்க்கமாட்டேன், பதில்களை உறையில் போட்டு அவர்கள் முன்னாலேயே ஒட்டிவிடுவோம். கூலியும் வேண்டாம், குடையும் வேண்டாம். கண்டுபிடித்ததை நீயே வந்து, யார் பெயரும் சொல்லாமல், அவர்களுக்கு விளங்குகிற தமிழில் சொல்லவேண்டும், அன்றைக்குப் புருஷனும் பெண்சாதியும் ஒன்றாக உட்கார்ந்துதான் கேட்பார்களாம். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் வாப்பா
ஹாஷிம்