நடைவழியில் தொங்கும் பூர்வீக வீடு

ஜமீன்தார் வெர்லின் அவர்களுக்கு,

சர்ச்சில் இன்று ஒரு அடக்கம். துக்கச் சாப்பாடு சமைக்கப் போகிறேன். ஓவனில் சுட்டு வைத்த உருளைக்கிழங்கு கேசரோல் இருக்கிறது, முழுவதையும் காலி செய்துவிடாதீர்கள். நான்கு மணிக்கு நார்வேயிலிருந்து உங்கள் ‘ரத்த சொந்தம்’ வருகிறார்.

நேற்று என்ன சொன்னீர்கள்? “உங்க ஆளுங்க பண்ணையில கூலிக்குக் கிடந்தவங்க. நாங்க ஹாவ்கெருட் பண்ணைக்கே சொந்தக்காரங்க!”

காலையில் நீங்கள் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனதும், நார்வேயில் அந்தப் பண்ணை இருக்கும் ஊரின் சர்ச் பதிவேட்டு நகலைப் புரட்டினேன். அங்கே பண்ணையில் குடியிருந்த எல்லோருக்குமே பண்ணையின் பெயர்தான், முதலாளிக்கும் சரி, சாணி அள்ளியவனுக்கும் சரி. பண்ணை மாறினால் பெயரும் மாறும். உங்கள் கொள்ளுத்தாத்தா நில்ஸ் அங்கே கூலியாள். அதற்கு முன் இரண்டு பண்ணை, இரண்டு பெயர். இங்கே மினசோட்டாவுக்குக் கப்பல் ஏறும்போது கடைசியாக இருந்த ஹாவ்கெருட் என்ற பெயர் உங்கள் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் உங்கள் ஜமீன்.

வருகிறவர்தான் அசல் முதலாளியின் வாரிசு. அதனால் நடைவழியில் ‘நம்ம பூர்வீக வீடு’ என்று மாட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். அது அவர் வீடு.

ஆர்டிஸ்

பி.கு.: கழற்ற வேண்டாம். படத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடிசைக் கூரை தெரிகிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கூலியாட்கள் குடியிருந்தது அங்கேதான். அவருக்கு அதைக் காட்டுங்கள், தலைநிமிர்ந்து.

இன்னொன்று: கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் நம் ஜோடிப் பொருத்தம் சரியாக வந்திருக்கிறது. மீனை நீங்களே கழுவுங்கள்.