அப்பா தோற்க வேண்டிய பரீட்சை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நலம் என்று இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டர் வாயால் கேட்ட பிறகே எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாயா? வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று போனில் அழுதாயே, வர வேண்டாம், முதலில் இதைப் படி.

அப்பா நம் சலூனில் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்ததும், கத்தி நாற்காலியில் இருந்த எலக்ட்ரீஷியன் தாடையில் கீறியதும் உனக்குத் தெரியும். நல்லவேளை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஆனால் காரணம் தெரியும்வரை கத்தியைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கடையைச் சாத்திவிட்டு வீட்டில் மூலையில் உட்கார்ந்தவர், இனி என்னை நம்பி எவன் கழுத்தை நீட்டுவான் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு இதயத்தில் கோளாறோ என்ற பயம் வேறு.

போன வாரம் டில்ட் டேபிள் டெஸ்ட் எடுத்தார்கள். கட்டிலில் படுக்க வைத்து, பெல்ட் போட்டு, நெஞ்சில் ஒயரும் கையில் பிரஷர் பட்டையும் மாட்டி, கட்டிலையே மெல்ல நிமிர்த்தி ஆளை நிற்க வைத்துவிடுகிறார்கள். அசையாமல் நிற்க வேண்டும், மயக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள். அன்று அவர் விழுந்தபோது கூட இருந்தவள் என்பதால் என்னையும் ஓர் ஓரத்தில் உட்கார விட்டார்கள். அவர் விழக்கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பாவோ பரீட்சையில் பாஸாகப் போகிறவர்போல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். திரையைப் பார்த்திருந்த பெண், சார் காலை இறுக்காதீங்க, கோடெல்லாம் நடுங்குது என்றாள். நான் ஒண்ணும் பண்ணலையேம்மா என்று பச்சைப்பிள்ளை மாதிரி முழித்தார். டாக்டர் சிரித்துவிட்டு, ஐயா, நீங்க இங்க விழுந்தாதான் நான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும், தயவுசெஞ்சு ஃபெயிலாகுங்க என்றார். அப்புறம்தான் அப்பா காலைத் தளர்த்தினார். மயக்கத்தை வரவழைக்க நாக்குக்கு அடியில் மருந்து அடித்த கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, வேர்த்து, தலை தொங்கிவிட்டது. நான் அலறிவிட்டேன் பாப்பா. கட்டிலைச் சாய்த்ததும் கண்ணைத் திறந்து, பாஸா என்று கேட்டார்.

இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். நின்றுகொண்டே இருந்தால் ரத்தம் காலில் தங்கிவிடுகிறது, அப்போது பிரஷரும் நாடியும் சட்டென்று இறங்கிவிடுகின்றன, அதுதான் மயக்கம் என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், வேர்த்து வந்தால் கத்தியை வைத்துவிட்டு உடனே படுக்க வேண்டும், முடியாவிட்டால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்க வேண்டும் என்றார். அதைத்தானே உள்ள செஞ்சேன், வேணாம்னீங்களே என்று உன் அப்பா கேட்டாரே பார்க்கலாம், எல்லாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்தால் கத்தியும் எடுக்கலாமாம். உட்கார்ந்து சவரம் பண்றவன் ஒரு தொழில்காரனா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார், பிறகு அவரே போய் ஸ்டூல் வாங்கி வந்தார்.

இன்று காலை கடை திறந்தோம். முதல் ஆளாக எலக்ட்ரீஷியன் வந்தார், முகமெல்லாம் புதராகத் தாடி. இத்தனை நாளும் வேறு கடைக்கே போகவில்லையாம். நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவுக்குக் கை எழவில்லை. கண்ணைத் திறந்து வச்சுக்கய்யா, நான் சாஞ்சா நீதானே பிடிக்கணும் என்றார். முடிஞ்சதும் எழுப்பு என்று சொன்ன எலக்ட்ரீஷியன், கொஞ்ச நேரத்தில் குறட்டையே விட்டார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நுரை போட ஆரம்பித்தார்.

நீயும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று விழுந்தவள்தான், அவர் ரத்தம். தண்ணீர் பாட்டிலை மறக்காதே, படுக்கையிலிருந்து எழும்போது நிதானமாக எழு. தீர்க்காயுசாக இரு. எங்கே நின்றாலும் தைரியமாக நில், கால் தளர்ந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துகொள் கண்ணே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா