வியோலாவுக்கு வந்த மெட்டு

உன் வியோலாப் பெட்டியை உன் மனைவி நேற்று என்னிடம் தந்தார். திறந்ததும் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் வாசனை முகத்தில் அடித்தது. அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குப் பழைய சந்தேகம்தான் வந்தது. கோபிக்காதே, அதை எனக்குத் தந்துவிட்டுப் போனவன் நீதான்.

லண்டன் ஸ்ட்ரெதம் தேவாலய மண்டபத்தில் கூடும் நம் பொழுதுபோக்கு இசைக்குழுவில் இருவரும் வயலினோடுதான் சேர்ந்தோம். வியோலாவுக்கு ஆளில்லை என்றதும் சற்றுப் பெரிய அந்த வாத்தியத்துக்கு நீ மாறினாய். "எங்களுக்கு ஒத்து ஊதப் போறாய்" என்று நான் கேலி செய்தேன்.

பிறகு எங்கிருந்தோ அந்தப் பொஹீமியாக்கார இசையமைப்பாளரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். இருநூறு வருடங்களுக்கு முந்திய ஆள். கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகன். பிழைக்க லண்டன் வந்து, பூங்காக்களில் வாசித்து, இங்குள்ளவர்களின் வாய்க்கு வசதியாகப் பெயரைச் சுருக்கிக்கொண்டவர். அவருடைய சிம்பனிகள் பிரபலமானவர்களின் பெயரில் அச்சான கதையைச் சொல்லும்போது உனக்கு மூக்குச் சிவக்கும். "செத்தவனிட்டைக் களவெடுத்திருக்கிறாங்கள், மச்சான்." அவர் கதை நம் கதை மாதிரியே இருந்தது எனக்கு உறுத்தியது. நீயே கட்டிவிட்ட ஆளோ என்று தேடிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. அந்தச் சந்தேகத்தில் நான் மண்ணைக் கவ்வினேன்.

ஆனால் அவருடைய நாட்டுத் தலைநகர் பிராக் போய்த் திரும்பியபோது ஒன்று கொண்டுவந்தாயே, நூலகத்தில் பார்த்து எழுதிய அவருடைய சிம்பனி ஒன்றின் மெதுவான பகுதி என்று? அந்த மனிதர் வேறெதிலும் வியோலாவுக்கு உருப்படியாக எதுவும் எழுதவில்லை. இதில் மட்டும் மெட்டு முழுவதும் வியோலாவுக்கு! வயலின்காரர் நாங்கள் உனக்கு ஒத்து ஊதினோம்.

"மூலப் பிரதியின்ரை படம் எங்கை?" என்று கேட்டேன்.

"படம் எடுக்க விடேல்லை மச்சான்."

"நீதானே எழுதினது? உண்மையைச் சொல்லு."

வில்லைத் துடைத்துக்கொண்டே, "என்ரை பெயரைப் போட்டா இவை வாசிப்பினமோ?" என்றாய். ஒப்புக்கொண்டாயா, என்னைச் சீண்டினாயா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கேட்டேன். சிரித்தாய். கள்ளன் நீ.

வருகிற சனிக்கிழமை உன் நினைவாக அதையே வாசிக்கிறோம். நிகழ்ச்சித் தாளில் யார் பெயரைப் போடுவது என்று குழுவை நடத்தும் அம்மையார் என்னிடம் கேட்டார். அவருக்கும் சந்தேகம். நேற்று டூட்டிங்கில் உன் வீட்டுக்கு வந்ததே அதற்காகத்தான்.

"லைப்ரரிக்குப் போனவர்தான் அண்ணை. நான் வெளியிலை காத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் உன் மனைவி. அப்பாடா என்றிருந்தது. உன் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டியபடி, "ஆனா இஞ்சை வந்தும் மாசக்கணக்கா எழுதி எழுதிக் கிழிச்சவர்" என்றார். பார்த்து எழுதுகிறவன் எதற்குக் கிழிக்கிறான்?

இன்று காலை அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நான் நினைப்பது பிழையென்றால், ஏற்கெனவே களவு கொடுத்த மனிதரிடமிருந்து இன்னொன்றையும் பறித்தவனாவேன், அதுவும் உன் பெயரைச் சொல்லி. பொஹீமியாக்காரரின் பெயரையே போடச் சொன்னேன். உனக்குச் சம்மதமாயிருக்கும்.

எனக்குச் சம்மதமில்லை. மண்டபம் முழுவதும் அவருக்குக் கைதட்டும்போது நான் உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பேன். சந்தேகத்தை விட்டுவிட்டால், நீ செய்த ஒன்று இந்த ஊரில் இன்னும் கேட்கிறது என்று நினைக்க எனக்கு வேறு வழியில்லை.