பசலைக்குக் காரணமானவன்

8.7.2024
சுவாதி இன்றும் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். பதினாறு வயது மகள். ராத்திரி தூக்கமில்லை, பகலில் படுக்கை. வளையல் முழங்கைவரை போய்வருகிறது. அகப்பாட்டில் வருகிற தலைவிக்கும் இதே குறிகள்தாம். தலைவன்மேல் ஏக்கத்தில் வருவது, பசலை என்பார்கள். பாத்திரக்கடை வைத்திருந்தாலும் நாலு பழம்பாட்டு படித்தவன் நான். யாரோ ஒருவன் இருக்கிறான்.

11.7
என் மனைவி சண்முகவடிவு, உடுக்கடித்துக் குறி சொல்கிற கோடாங்கியிடம் போகலாம் என்கிறாள். "பிள்ள எதையோ பாத்துப் பயந்துருக்கு."
அகப்பாட்டிலும் தாய்மார் இப்படித்தான், காதலைத் தெய்வக் குற்றம் என்று ஏமாறுவார்கள். அவளிடம் சொல்லவில்லை.

16.7
அவளுடைய வாட்சைக் காணோம். கொலுசையும். அவனுக்குத்தான் கொடுத்திருப்பாள். கொலுசை வைத்து அவன் என்ன செய்வான்? விற்பான்.
மச்சான் ஜெயக்குமாரிடம் சொன்னேன்.
"அருப்புக்கோட்டையில ஒரு நல்ல இடம் இருக்கு மாப்ள. பேசிருவோமா?"
"பதினாறு வயசுப் பிள்ளைக்கா?"
"பேசித்தான வைக்கப் போறோம்."
இவரிடம் சொன்னது என் தப்பு.

19.7
கடையை அடைத்துவிட்டு, திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் குடைக்குப் பின்னால் நின்றேன். மழை பார்த்து மாதக்கணக்காகிறது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் எங்கள் ரெட்டியபட்டி பஸ்ஸை விட்டாள். அடுத்ததையும் விட்டாள். யாரும் வரவில்லை. யாரையும் தேடவுமில்லை. சும்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.
அவன் கெட்டிக்காரன்.

22.7
அவள் கூடப் படிக்கிற பிருந்தா கடைக்கு வந்தாள். அகப்பாட்டில் உண்மையைச் சொல்கிறவள் தோழிதான். கல்லாவை விட்டு எழுந்தேன். வாட்சையும் கொலுசையும் மேஜையில் வைத்தாள்.
"சுவாதி குடுத்துச்சு மாமா. எனக்கு இனிமே தேவப்படாது, நீயே வச்சுக்கன்னுச்சு. எனக்குப் பயமா இருக்கு."
"யாரும்மா அந்தப் பய?"
"பயலா? அப்படி யாருமே இல்ல மாமா."
இல்லையா? ஒருத்தன்கூடவா இல்லை? இருந்திருக்கக் கூடாதா —

வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டேன். "செத்துரலாம்னு தோணுதாம்மா?" "தெனமும் தோணுதுப்பா" என்றாள், பஸ் நேரம் சொல்கிற குரலில். சண்முகவடிவு அவள் கையைப் பிடித்தவள் விடவில்லை. கோடாங்கி பேச்சையும் எடுக்கவில்லை.

23.7
முதல் பஸ்ஸுக்கே மதுரை. மனநல டாக்டர் அவளோடு தனியாகப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். மன அழுத்த நோய், மாத்திரையும் வேண்டும், தொடர்ந்து வந்து பேசவும் வேண்டும், வீட்டில் தனியாக விடக்கூடாது.
"எப்ப இருந்து இப்பிடி?"
"சித்திரையில இருந்து."
"இத்தன நாளா என்னன்னு நெனச்சீங்க?"
பசலை என்று சொல்ல வாய் வரவில்லை. "யாரையோ விரும்புதுன்னு..." என்றேன்.
"நெறையப் பேரு அதத்தான் சொல்றாங்க" என்றார். ஆறுதலாகவா, ஏளனமாகவா? இரண்டுக்கும் நான் தகுதிதான்.

14.9
சில நாள் பரவாயில்லை. சில நாள் இல்லை. இன்றும் மதுரை. பஸ்ஸில் சொன்னாள்:
"நான் மட்டும் உள்ள போறேன். வெளிய நின்னு ஒட்டுக் கேக்காதீக."
"அந்தக் கதவு வழியா ஒண்ணும் கேக்காதும்மா."
"அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
காரியாபட்டி தாண்டியும் முறைத்துக்கொண்டே வந்தாள். சித்திரைக்கு அப்புறம் இன்றுதான் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது.