பரீதின் புதுத் தோசைக்கல்

தென்காசி
24.6.2025

பிரியமுள்ள நஸீபாவுக்கு ஸலாம்.

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இதை அஃப்சல் ஆட்டோவில் கொடுத்துவிடுகிறேன். இந்தா இருக்கிற குற்றாலத்துக்கு, பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உன் தோசைக்கல்லைப் பழைய இரும்புக்குப் போட்டது தப்புதான். துபாயிலிருந்து நான்ஸ்டிக் கொண்டுவந்திருக்கிறேனே, இந்தக் கரிக்கட்டை எதற்கு என்று நினைத்துவிட்டேன். கடையில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே ஒடச்சு லாரில ஏத்தியாச்சு பாய்" என்கிறான்.

புதிதாக ஒரு வார்ப்பிரும்புக் கல் வாங்கியிருக்கிறேன். எத்தனை ஊற்றினாலும் கிழிகிறது. உன் தங்கச்சி மெஸ்ஸில் சீசன் முடிந்ததும் வந்துவிடுவாய்தானே? வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

பரீது

---

குற்றாலம்
29.6.2025

அன்பு மச்சானுக்கு,

சாரல் நன்றாக விழுகிறது. மெஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை. "லாத்தா, நீ ஊத்துத தோசைக்குத்தான் ஆளு வருது" என்று தங்கச்சி ஹுஸ்னா ஐஸ் வைக்கிறாள்.

புதுக் கல்லில் நேரே மாவை ஊற்றினால் கிழியத்தான் செய்யும். கஞ்சித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நல்லெண்ணெய் தடவி, புகைகிற வரை சுடவைத்து, ஆறவிட்டு, மறுபடி தடவுங்கள். நாலைந்து நாள் இதே வேலை. பிறகு வெங்காயம் வதக்குங்கள். சப்பாத்தி மட்டும் அதில் சுட்டுவிடாதீர்கள். சூட்டில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். நீங்கள் அவசரக்காரர், அதனால் சொல்கிறேன்.

அங்கே என்ன சாப்பிடுகிறீர்களோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நஸீபா

---

தென்காசி
24.8.2025

நஸீபா,

நாலைந்து நாள் என்றாய், எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று; இன்று தோசை முழுசாக வந்துவிட்டது! ஓரம் சிவந்து, தானாக எழும்பியது. "மாஷா அல்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

கல் பழகிவிட்டது. சீசனும் முடிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அஃப்சல் வண்டியில் வருகிறேன். பையைக் கட்டி வை.

உன் பரீது

---

குற்றாலம்
26.8.2025

அன்பு மச்சானுக்கு,

தோசை வந்ததைப் படித்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுவர வேண்டாம்.

கல்லைப் போட்ட கோபம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. நீங்கள் துபாயில் இருந்த காலமெல்லாம், பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் எனக்கு மட்டும் ஒரு தோசை ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே தின்றேன். நீங்கள் வந்த பிறகும் அப்படித்தான் தின்றேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு அது தெரியாது. இங்கே ராத்திரி கடையைச் சாத்தியதும் நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வருஷம் முழுக்க மெஸ் நடத்தப் போவதாக ஹுஸ்னா சொல்கிறாள். நானும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்குச் சுடத் தெரியாதே, பட்டினி கிடப்பீர்களே என்ற ஒரு கவலைதான் என்னை அங்கே இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நஸீபா